'வில்'லை வளைக்கும் வித்தை

தாம்பரத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நெடுநாளைய சிநேகம். 1837-ல் சென்னையில் ஒரு சிறு பள்ளிக்கூடமாகப் பிறந்த கிறிஸ்தவக் கல்லூரி, சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1937-ல், ஜார்ஜ் டவுனின் சந்தடியை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிவந்தது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1931-ல், கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. கல்லூரி மாணவர்களும் காரியாலய குமாஸ்தாக்களும் அந்த வண்டியில் ஏறியபோது, ஆங்கிலமும் அவர்களோடு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறியது. பின்னர் 1984-ல் இங்கே ஏற்றுமதி வளாகம் ஏற்பட்டது. வெளிநாட்டு வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதுவது என்பது அன்றாட வேலையாயிற்று.

இன்று ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து எந்தப் பக்கம் திரும்பினாலும், "விரைவில் ஆங்கிலம் பேசலாம்!" என்று ஒரு பலகை நம்மை அழைக்கிறது. பல்லாவரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் எங்கும் இதே காட்சிதான். மாணவர்களும் தாராளமாகக் கிடைக்கிறார்கள். ஆங்கிலம் சோறு போடும் பாஷை என்பதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் ஒரு வேடிக்கை. இந்த மாணவர்களுக்குப் பெரிய பெரிய வார்த்தைகள் எல்லாம் சுலபமாக வந்துவிடுகின்றன. 'இன்ஃப்ராஸ்ட்ரக்சர்' என்கிறார்கள், 'இம்ப்ளிமென்டேஷன்' என்கிறார்கள், நாக்குத் தடுக்குவதே இல்லை. தடுக்கி விழுவதெல்லாம் 'வில்', 'வுட்', 'ஷல்', 'ஷுட்', 'கேன்', 'குட்', 'மே', 'மைட்', 'மஸ்ட்' என்னும் பொடிச் சொற்களில்தான். விரல் விட்டு எண்ணிவிடலாம். இரண்டு கை விரல்களும் முழுவதாகத் தேவையில்லை. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது இவற்றைப் பார்த்துச் சொன்னதுபோல் இருக்கிறது.

இவற்றுக்குத் துணைவினை என்று பெயர். தனி வாக்கியத்தில் இவை சாதுவாகத்தான் இருக்கின்றன. "ஐ வில் கம்" என்றால் 'நான் வருவேன்'. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஒரு வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியம் சார்பு வாக்கியமாக நுழையும்போதுதான் தகராறு ஆரம்பமாகிறது. 'அவர் வரும்போது', 'மழை பெய்தால்', 'வருவேன் என்று சொன்னார்', 'தேர்ச்சி பெறவேண்டுமென்று' - இப்படி ஒரு வால் ஒட்டிக்கொண்டால், அந்த வாலில் 'வில்' போடுவதா, 'வுட்' போடுவதா, ஒன்றுமே போடாமல் விடுவதா?

பள்ளிக்கூடத்துச் சந்தேகம்தானே என்று நினைத்துவிடக் கூடாது. இதே ரகத்து மூன்றெழுத்துச் சொல் ஒன்றுக்காக இந்திய நாடாளுமன்றமே வாதாடியிருக்கிறது. தமிழ்நாட்டில் உயிர்களே போயிருக்கின்றன. அந்தக் கதைக்குப் போகுமுன், இலக்கணத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

'வரும்போது' வந்த வினை

"வென் ஹி வில் கம், ஐ வில் டெல் ஹிம்" என்று நம்மவர்களில் பலர் சொல்கிறார்கள். 'அவர் வரும்போது சொல்கிறேன்' என்பது கருத்து. ஆங்கிலேயர் இங்கே முதல் 'வில்'லைப் போடமாட்டார். "வென் ஹி கம்ஸ்" என்று நிகழ்காலத்திலேயே நிறுத்திக்கொள்வார். 'இஃப்', 'வென்', 'அன்டில்', 'பிஃபோர்', 'ஆஸ் சூன் ஆஸ்' என்று தொடங்கும் சார்பு வாக்கியங்களில் வருங்காலத்தைச் சொல்ல 'வில்' தேவையில்லை என்பது அவர்கள் வழக்கம். வருங்காலம் என்ற செய்தியைத் தலைமை வாக்கியத்தின் 'வில்' ஒருமுறை சொல்லிவிட்டது. அதை இரண்டாவது தடவை எதற்காகச் சொல்லவேண்டும்?

நாம் ஏன் தவறுகிறோம்? தமிழில்தான் அதற்குக் காரணம் இருக்கிறது. 'வரும்போது', 'வரும் வரை', 'வருமுன்' என்னும் மூன்றிலும் 'வரும்' என்பது நிற்கிறது. 'நாளை மழை வரும்' என்னும்போதும் அதே 'வரும்'தான். காதுக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலிப்பதால், மனம் உடனே ஒரு 'வில்'லை எடுத்து நீட்டிவிடுகிறது. 'நான் வரும் வரை இரு' என்பது "வெய்ட் அன்டில் ஐ வில் கம்" ஆகிவிடுகிறது.

ஆனால் உற்றுப் பாருங்கள். தமிழும் ஆங்கிலேயரின் கட்சியில்தான் இருக்கிறது! 'மழை பெய்தால் வரமாட்டேன்' என்கிறோம். பெய்யப்போவது நாளைய மழை; ஆனாலும் 'பெய்தால்' என்பதில் வருங்கால அடையாளம் ஏதாவது உண்டா? கிடையாது. பார்க்கப்போனால், அதில் இருப்பது இறந்தகாலத்துத் தகரம். 'அவர் வந்தவுடன் சொல்கிறேன்' என்பதிலும் அப்படியே. இன்னும் வராதவரை 'வந்த' என்று சொல்லிவிடுகிறோம். யாரும் நம்மைக் கேலி செய்வதில்லை. சார்பு வாக்கியத்தில் காலத்தை அழுத்திச் சொல்லவேண்டாம் என்ற அறிவு நம் பாஷைக்கும் உண்டு.

இதிலிருந்து ஒரு சூத்திரமே கண்டுபிடித்துவிடலாம். எழுத நினைக்கும் கருத்தை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'அவர்' என்பதை எழுவாயாக வைத்துக்கொள்ளுங்கள். சார்பு வாக்கியத்தில் 'வருவார்' என்று முற்றாக வந்தால் ஆங்கிலத்தில் 'வில்' வரலாம். 'வந்தால்', 'வரும்போது', 'வரும் வரை' என்று எச்சமாக நின்றால் 'வில்' வராது.

சோதித்துப் பார்ப்போமா? 'அவர் வருவார் என்று நம்புகிறேன்' - "ஐ ஹோப் ஹி வில் கம்", சரி. 'அவர் எப்போது வருவார் என்று எனக்குத் தெரியாது' - "ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்", இதுவும் சரி. 'அவர் வரும்போது எனக்குச் சொல்' - "டெல் மி வென் ஹி கம்ஸ்". 'வென்' என்ற ஒரே சொல் ஓரிடத்தில் 'வில்'லை ஏற்கிறது, இன்னோரிடத்தில் விரட்டுகிறது. இந்தப் புதிரை ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் பெயர்ச்சொல் வாக்கியம், வினையுரி வாக்கியம் என்று பக்கம் பக்கமாக விளக்குகின்றன. நமக்கோ 'எப்போது வருவார்', 'வரும்போது' என்ற இரண்டு தமிழ்த் தொடர்களே போதும்!

விதி என்றால் விலக்கு உண்டு. எச்சம் ஒரு பெயரைத் தழுவி நின்றால் 'வில்' வரலாம். 'நாளை வரப்போகும் விருந்தாளி' என்பதற்கு "தி கெஸ்ட் ஹூ வில் கம் டுமாரோ" என்பது சரிதான். 'இஃப்' என்பதற்குப் பின்னாலும் ஒருவகை 'வில்' உண்டு. "இஃப் யூ வில் வெய்ட் எ மினிட்" என்று காரியாலயத்தில் ஒருவர் சொன்னால், அது வருங்காலமன்று. 'தாங்கள் மனம் வைத்து ஒரு நிமிஷம் காத்திருந்தால்' என்ற மரியாதை. அந்த 'வில்' மனத்தைக் குறிக்கிறது, காலத்தைக் குறிப்பதில்லை.

'என்று' சொன்னார்

அடுத்த கண்ணி, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லும் இடம். 'நாளை வருவேன் என்று சொன்னார்.' எவ்வளவு சௌகரியமான வாக்கியம்! அவர் வாயிலிருந்து வந்ததை அப்படியே எடுத்து, 'என்று' என்ற கயிற்றால் கட்டி, 'சொன்னார்' என்ற ஆணியில் மாட்டிவிட்டோம். 'வருவேன்' அப்படியே இருக்கிறது. 'வருவதாகச் சொன்னார்' என்று மாற்றினாலும், 'சொன்னார்' இறந்தகாலமாயிற்றே என்பதற்காக 'வருவதாக' தன் காலத்தை மாற்றிக்கொள்வதில்லை.

ஆங்கிலத்தில் அந்தச் சுதந்திரம் கிடையாது. "ஹி செட்" என்று இறந்தகாலத்தில் ஆரம்பித்துவிட்டால், உள்ளே இருக்கும் 'வில்' முதுகை வளைத்து 'வுட்' ஆகவேண்டும். 'கேன்' 'குட்' ஆகவேண்டும். 'மே' 'மைட்' ஆகவேண்டும். 'மஸ்ட்' மட்டும் வளையாது. அதற்கு வேறு உருவமே இல்லை. எனவே "ஹி செட் தட் ஹி வுட் கம்" என்பதுதான் முறையான பிரயோகம். சொன்னவர் இன்னும் வரவில்லை, வரவு இனிமேல்தான் என்றால் "ஹி செட் ஹி வில் கம்" என்பதையும் ஆங்கிலேயர் ஏற்றுக்கொள்கிறார்கள். அந்த 'வில்'லுக்குள் 'இன்னும் நேரம் கடந்துவிடவில்லை' என்ற நம்பிக்கை இருக்கிறது. 'வுட்'டுக்குள் 'அவர் சொன்னார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்' என்ற எச்சரிக்கை இருக்கிறது. கடன் வாங்கிப் போனவரைப் பற்றிப் பேசும்போது எது பொருத்தம் என்று வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

மரியாதைக்கு ஒரு 'வுட்'

இங்கே வளைக்கக் கற்றுக்கொண்ட வில்லை நம்மவர்கள் வேறிடத்தில் அநாவசியமாக வளைக்கத் தொடங்கினார்கள். 'வில்' என்றால் கொஞ்சம் முரட்டுத்தனம்; 'வுட்' என்றால் பணிவு என்ற எண்ணம் எப்படியோ நமக்குள் குடிபுகுந்துவிட்டது. "ஐ ஹோப் யூ வுட் ரிப்ளை" என்று எழுதுகிறோம். "வி வுட் சென்ட் தி கூட்ஸ் ஆன் தி ஃபிஃப்டீன்த்" என்று எழுதுகிறோம். இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. இந்தியா முழுவதும் எழுதும் ஆங்கிலத்தில் காணப்படும் அடையாளம் என்று மொழி ஆராய்ச்சியாளர்களே குறித்திருக்கிறார்கள்.

இந்தப் பணிவால் நஷ்டம் ஒன்றும் இல்லையா? ஏற்றுமதி வளாகத்திலிருந்து ஒரு குமாஸ்தா இந்த இரண்டாவது வாக்கியத்தை எழுதி லண்டனுக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'பதினைந்தாம் தேதி சரக்கு அனுப்புவோம்' என்று அவர் உறுதி சொல்லியிருக்கிறார். லண்டன் வியாபாரி படிப்பது வேறு: 'அனுப்பியிருப்போம்தான், ஆனால்...' அந்த ஆனாலுக்குப் பிறகு என்ன? பணம் வரவில்லையா? கப்பல் கிடைக்கவில்லையா? தனியாக நிற்கும் 'வுட்' அவர் காதில் ஒரு 'இஃப்'பைத் தேடி அலைகிறது. அவர் மறுபடி விசாரித்து எழுதவேண்டும். இவர் மறுபடி பதில் சொல்லவேண்டும். மரியாதைக்காகப் போட்ட சொல் வாக்குறுதியையே பலவீனமாக்கிவிட்டது.

நம்பிக்கைக்கு 'ஹோப்' - அதன் பின்னே 'வில்'. நடக்காததை நினைத்து ஏங்குவதற்கு 'விஷ்' - அதன் பின்னே 'வுட்'. "ஐ ஹோப் ஹி வில் பாஸ்" என்று தகப்பனார் சொன்னால் பையன் படிக்கிறான் என்று அர்த்தம். "ஐ விஷ் ஹி வுட் ஸ்டடி" என்று சொன்னால் பையன் படிக்கவில்லை என்று அர்த்தம். இரண்டையும் மாற்றிப் போட்டால் குடும்ப ரகசியம் அல்லவா வெளியாகிவிடுகிறது!

'லெஸ்ட்' வந்தால் 'ஷுட்'

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் மறக்காத ஆங்கில வாக்கியம் ஒன்று உண்டு. காய்ச்சல் வந்தாலும் வராவிட்டாலும், 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கும் விடுமுறைக் கடிதம்தான் அது. அந்தக் கடிதம் பிழையற்றது என்பதில் ஐயமில்லை. தலைமுறை தலைமுறையாகப் பிழையின்றி இருப்பதற்கும் காரணம் உண்டு: அதை யாரும் சொந்தமாக எழுதுவதே இல்லை!

மனப்பாடம் செய்த விதிகளும் அப்படியே. 'லெஸ்ட்' வந்தால் பின்னே 'ஷுட்' வரும். 'ஸோ தட்' வந்தால் நிகழ்காலத்துக்கு 'மே', இறந்தகாலத்துக்கு 'மைட்' என்று நம் பெரியவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். 1930களில் வெளிவந்த ரென், மார்ட்டின் இருவரின் இலக்கணப் புத்தகத்தை வைத்து எத்தனையோ தலைமுறை இந்த விதிகளைக் கற்றது. அந்த ரென் துரை பம்பாயில் கல்வி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். 'போ ஜெஸ்ட்' என்ற பிரபல சாகச நாவலை எழுதியவரும் அவரே. அந்த நாவலைப் படித்தவர்களைவிட அவருடைய இலக்கணத்தைப் படித்து வேர்வை சிந்தியவர்கள் நம் நாட்டில் அதிகம்!

1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாநிலத்தில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. விதிகளைச் சொல்லிக்கொடுப்பதை விட்டு, வாக்கிய அமைப்புகளை வாயால் சொல்லிச் சொல்லிப் பழக்கவேண்டும் என்று ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளித்தார்கள். பயிற்சி பெற்றவர் மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுப்பார். அவர்கள் இன்னும் பலருக்குக் கொடுப்பார்கள். உருட்ட உருட்டப் பெருக்கும் பனிப்பந்தைப் போல 27,000 ஆசிரியர்களை எட்டுவது திட்டம். 'சென்னைப் பனிப்பந்து' என்றே வெளிநாட்டு ஆங்கிலப் பத்திரிகையில் அதைக் குறிப்பிட்டார்கள். பனியையே பார்த்திராத ஊருக்குப் பனிப்பந்து என்று பெயர் வைத்தது ஆங்கிலேயரின் நகைச்சுவை போலும்.

இன்று அந்த 'லெஸ்ட்' வழக்கொழிந்து வருகிறது. 'ஸோ தட்' என்பதன் பின்னே 'மே' இருந்த நாற்காலியில் 'கேன்' உட்கார்ந்துவிட்டது. "ஐ சஜஸ்ட் தட் ஹி ஷுட் கோ" என்று பிரிட்டனில் எழுதும் இடத்தில், அமெரிக்கர் 'ஷுட்'டையும் எடுத்துவிட்டு "தட் ஹி கோ" என்கிறார். 'கோஸ்' என்றுகூடச் சொல்வதில்லை. பிழை என்று எண்ணிவிடாதீர்கள். அதுவே பழைய முறை.

சொற்களின் பூர்வீகம்

இத்தனை தொல்லை தரும் சொற்களின் பூர்வோத்தரத்தை விசாரித்தால் சுவையான சங்கதிகள் கிடைக்கின்றன. 'வில்' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் 'விரும்புதல்' என்று பொருள். 'ஷல்' என்பதற்குக் 'கடன்பட்டிருத்தல்'. 'கேன்' என்பதற்கு 'அறிதல்'. 'மே' என்பதற்கு 'வலிமை உடைத்தாதல்'. வலிமையைக் குறிக்கும் 'மைட்' என்ற பெயர்ச்சொல் அதற்கு உறவு.

நம் துணைவினைகளும் இப்படியே தனி வாழ்க்கை வாழ்ந்துவிட்டு வந்தவைதான். 'வேண்டும்' என்பது வேண்டுதலிலிருந்து வந்தது. 'முடியும்' என்பது முடிதலிலிருந்து. 'கூடும்' என்பது கூடுதலிலிருந்து. 'வரலாம்' என்பது 'வரல்', 'ஆம்' இரண்டும் சேர்ந்தது; வருதல் ஆகும் என்பது அதன் பொருள்.

விசித்திரத்தைப் பாருங்கள். விருப்பம் என்ற ஒரே வித்து, ஆங்கிலத்தில் 'வில்' என்று முளைத்து வருங்காலமாயிற்று. தமிழில் 'வேண்டும்' என்று முளைத்துக் கடமையாயிற்று. 'விரும்பினேன், ஆகவே நடக்கும்' என்றது ஒரு பாஷை. 'விரும்பினேன், ஆகவே செய்தே தீரவேண்டும்' என்றது இன்னொன்று.

'லாம்' என்பதோ 'மே'யின் இரட்டைப் பிள்ளை. 'அவர் வரலாம்' என்றால் என்ன அர்த்தம்? வந்தாலும் வருவார், வராவிட்டாலும் இல்லை என்பது ஒன்று. வருவதற்கு அனுமதி உண்டு என்பது மற்றொன்று. "ஹி மே கம்" என்பதிலும் அச்சாக இதே இரண்டு அர்த்தங்கள்தான். ஆனால் இரண்டில் எந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டாலும் ஒன்று நிச்சயம்: வந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

இந்த இடத்தில்தான் இலக்கணம் வகுப்பறையை விட்டு வெளியே வந்து, டில்லிக்கு ரயில் ஏறியது.

மே மாதத்து 'மே'

1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டம், இந்தியே மத்திய ஆட்சிமொழி என்றும், பதினைந்து ஆண்டுகள் வரை ஆங்கிலமும் தொடரும் என்றும் கூறியது. இரண்டு இடத்திலும் 'ஷல்'தான். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு? ஆங்கிலத்தைத் தொடர நாடாளுமன்றம் சட்டம் செய்யலாம் என்றது, அங்கே 'மே'.

கெடு நெருங்க நெருங்கத் தென்னாட்டில் கவலை வளர்ந்தது. 1959 ஆகஸ்டில் பிரதமர் நேரு நாடாளுமன்றத்தில் ஓர் உறுதிமொழி தந்தார். மக்களுக்குத் தேவைப்படும் வரை ஆங்கிலம் மாற்று மொழியாக இருக்கும். எவ்வளவு காலம் என்பதை இந்தி பேசாத மக்களே தீர்மானிக்கட்டும் என்பது அதன் சாரம். அந்த உறுதிமொழிக்குச் சட்ட வடிவம் கொடுக்க 1963-ல் ஆட்சிமொழி மசோதா வந்தது. அதன் மூன்றாவது பிரிவில், 1965 ஜனவரி 26-க்குப் பிறகும் இந்தியோடு ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்று எழுதியிருந்தார்கள். 'ஷல்' என்று எதிர்பார்த்த இடத்தில் 'மே' நின்றது.

தமிழ்நாட்டவர் காதில் அது எப்படி ஒலித்திருக்கும்? 'படலாம்' என்றால் 'படாமலும் போகலாம்' அல்லவா? மாநிலங்கள் அவையில் உறுப்பினராக இருந்த அறிஞர் அண்ணா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். 'மே' என்பதில் 'மே நாட்' என்பதும் அடங்கியிருக்கிறது. 'ஷல்' என்று மாற்றவேண்டும் என்பது அவர் கட்சியின் வாதம். இந்த இடத்தில் 'மே' என்பதற்கும் 'ஷல்' என்றே பொருள் என்றார் நேரு. இரண்டும் ஒன்றுதான் என்றால், 'ஷல்' என்றே போட்டுவிடுவதில் என்ன கஷ்டம்? இந்தக் கேள்விக்கு மசோதாவில் இடம் கிடைக்கவில்லை. ஒரு சொல்லும் மாறாமல் அது நிறைவேறி, 1963 மே 10-ந் தேதி ஜனாதிபதியின் சம்மதம் பெற்றது. மே மாதத்தில் வந்த 'மே'!

நேரு 1964-ல் காலமானார். உறுதி சொன்னவர் போய்விட்டார். சட்டத்தில் 'மே' மட்டும் இருந்தது. 1965 ஜனவரியில் கெடு நாள் வந்தபோது தமிழ்நாடு கொந்தளித்தது. மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். ஜனவரி 26-ந் தேதி கோடம்பாக்கத்தில் சிவலிங்கம், மறுநாள் விருகம்பாக்கத்தில் அரங்கநாதன் என்று இரண்டு இளைஞர்கள் தீக்குளித்து மாண்டார்கள். பல ஊர்களில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. பிப்ரவரி 11-ந் தேதி மத்திய மந்திரிகள் இருவர் ராஜிநாமா செய்தார்கள். ஒருவர் சி.சுப்பிரமணியம். மற்றவர் ஓ.வி.அளகேசன், செங்கற்பட்டுத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். தாம்பரம் அன்று செங்கற்பட்டு மாவட்டத்து ஊர்தான், இன்றும் அப்படியே. அன்றிரவே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிமொழி காப்பாற்றப்படும் என்றார்.

ஒரு துணைவினைதான் இவ்வளவுக்கும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. உத்தியோகம், படிப்பு, மானம், மொழிப்பற்று எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அத்தனையும் வந்து தொங்கிய கொக்கி அந்தச் சிறு சொல்தான்.

காவலுக்கு வந்த 'ஷல்'

1967 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. பழைய 'மே'யை அவர்கள் எடுக்கவில்லை. இன்றைக்கும் அது அதே இடத்தில் இருக்கிறது. ஆனால் பக்கத்திலேயே 'ஷல்'களைக் காவல் வைத்துவிட்டார்கள். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையே கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்திலேயே நடக்கவேண்டும் என்பதற்கு 'ஷல்'. முக்கியமான தீர்மானங்களும் உத்தரவுகளும் இரண்டு மொழிகளிலும் இருக்கவேண்டும் என்பதற்கும் 'ஷல்'.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு சார்பு வாக்கியம். 'அன்டில்' என்று தொடங்குகிறது. இந்தியை ஏற்காத மாநிலங்கள் அத்தனையின் சட்டசபைகளும் ஆங்கிலத்தை நிறுத்தலாம் என்று தீர்மானம் நிறைவேற்றி, பிறகு நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் நிறைவேற்றும் வரை இந்த ஏற்பாடு அமுலில் இருக்கும் என்கிறது. தலைமை வாக்கியத்தில் 'ஷல்' இருக்கிறது. 'அன்டில்' வாக்கியத்தில் 'வில்' உண்டா என்று தேடிப் பாருங்கள்; இல்லை. 'ஹாவ் பீன் பாஸ்ட்' என்று, நடந்து முடிந்ததுபோலவே எழுதியிருக்கிறார்கள். எந்தக் காலத்தில் நடக்குமோ தெரியாத ஒன்றைப் பற்றிப் பேசும் வாக்கியம் அது! நம் மாணவர்கள் 'வரும் வரை' என்பதற்கு 'வில்' போட்டுத் தடுக்கி விழும் அதே இலக்கணம்தான் இங்கே ஒரு பெரிய உறுதிமொழியைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. நேருவின் 'தேவைப்படும் வரை' என்ற பேச்சு, கடைசியில் ஓர் 'அன்டில்' ஆகிச் சட்டப் புத்தகத்தில் உட்கார்ந்துவிட்டது.

'ஷல்' வந்துவிட்டால் கவலையே இல்லையா என்று கேட்டால், வக்கீல்கள் சிரிப்பார்கள். அரசாங்க ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் சர்வீஸ் கமிஷனைக் கலந்துகொள்வது பற்றி அரசியல் சட்டத்தின் 320-வது பிரிவு பேசுகிறது, சொல் 'ஷல்'தான். ஆனால் 1957-ல் சுப்ரீம் கோர்ட், அங்கே அது கட்டாயமன்று, வழிகாட்டுதல்தான் என்று தீர்ப்புக் கூறியது. ஓரிடத்தில் 'ஷல்' 'மே' ஆகிறது. வேறு வழக்குகளில் 'மே' 'ஷல்' ஆவதும் உண்டு. சட்டத்தின் நோக்கம் என்ன, மீறினால் என்ன ஆகும் என்று முழு வாக்கியத்தையும் படித்துத்தான் நீதிபதிகள் முடிவு செய்கிறார்கள். ஆகவே நேரு சொன்ன வாதமும் இலக்கணப்படி அசாத்தியமானதன்று. ஆனால் எழுதினவர் மனத்தில் இருந்த பொருளை, எழுத்தில் காணாதவர்கள் நம்ப மறுத்தார்கள். நாளைக்கு வேறொருவர் வேறு பொருள் சொன்னால் யாரிடம் போய் முறையிடுவது?

நமக்கு எது வேண்டும்?

வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது, 'முன்பணத்தைத் திருப்பித் தரலாம்' என்று இருக்கிறதா, 'திருப்பித் தரவேண்டும்' என்று இருக்கிறதா என்று நாம் பார்ப்பதில்லையா? வேலைக்கான உத்தரவுக் கடிதம் ஆங்கிலத்தில் வருகிறது. ஆறு மாதம் கழித்து வேலை நிரந்தரமாகும் என்பதற்கு 'ஷல்' போட்டிருக்கிறதா, 'மே' போட்டிருக்கிறதா? சம்பளத் தொகையைப் பார்க்கும் கண் இந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறது. 'மே' என்றிருந்தால், நிரந்தரமாவது உங்கள் கையில் இல்லை. அவர்கள் மனத்தில் இருக்கிறது. கேட்கவேண்டியதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

தமிழ் தெரிந்த ஒருவருக்கு இதெல்லாம் எட்டாத வித்தையன்று. 'வரலாம்', 'வருவார்', 'வரவேண்டும்', 'வந்தால்', 'வரும் வரை' என்ற ஐந்துக்கும் உள்ள வித்தியாசத்தை நம் வீட்டுக் குழந்தை நான்கு வயதுக்குள் கற்றுவிடுகிறது. "சாயங்காலம் பீச்சுக்குப் போகலாம்" என்று அப்பா சொன்னால், "போகலாமா, போவோமா?" என்று அது திருப்பிக் கேட்கிறதே, அந்தக் கேள்வியைத்தான் 1963-ல் மாநிலங்கள் அவையில் கேட்டார்கள். ஆங்கிலக் கடிதம் எழுதும்போதும், வந்த கடிதத்தைப் படிக்கும்போதும் நாமும் அதைக் கேட்டுக்கொண்டால் போதும்.